தாழையைப் பாசி என்று எழுதினேன்

ஒரு சொல்லைத் தவறாக எழுதினேன். தவறென்று தெரிந்த பிறகும் பல ஆண்டுகள் வாய் திறக்கவில்லை. உறுத்துவது இரண்டாவதுதான்.

ஆவுளியாவைக் காப்பது பற்றிய ஒரு கையேட்டைத் தமிழாக்கித் தரும் வேலை வந்தது. புத்தகங்கள் கடல்பசு என்று சொல்லும் பாலூட்டிதான் ஆவுளியா. ராமேசுவரம், மண்டபம் பக்கத்து மீனவக் கிராமங்களில் கொடுப்பதற்கான கையேடு அது. இழுவை மடிகள் என்னும் வலைகள் கடலடியைச் சுரண்டும்போது சீகிராஸ் வேரோடு போகிறது, ஆவுளியாவின் மேய்ச்சல் நிலம் அழிகிறது என்று ஆங்கில மூலத்தில் இருந்தது. சீகிராஸைக் 'கடற்பாசி' என்று எழுதினேன். அகராதியைப் புரட்டவில்லை, யாரையும் கேட்கவில்லை. கடலுக்கடியில் பச்சையாக அசைவதெல்லாம் எனக்குப் பாசிதான். பக்கத்தில் இடம் போதாததால் இழுவை மடியையும் வெட்டினேன். மிஞ்சிய வாக்கியம் இது: "கடற்பாசி பறிக்கப்படுவதால் கடல்பசு உணவின்றி அழிகிறது."

பாசி பறிப்பவர்கள் யார் என்று அப்போது நான் யோசிக்கவே இல்லை.

அச்சான பிறகு அந்த ஊர்களில் ஒன்றுக்குப் போனேன். கரையில் பாசியைக் காயப்போட்டுக்கொண்டிருந்த ஓர் அக்கா, மகள் பள்ளியிலிருந்து கொண்டுவந்த கையேட்டை எடுத்து வந்து காட்டினார். மூச்சடக்கி மூழ்கிப் பாறையில் ஒட்டியிருக்கும் மரிக்கொழுந்துப் பாசியைக் கையால் பறிப்பவர். பாறை கிழிக்காமல் இருக்க விரல்களில் சுற்றிய துணியைக்கூட இன்னும் அவிழ்க்கவில்லை.

"தம்பி, நாங்க எடுக்குறது பாசி. ஆவுளியா மேயுறது தாழை. ரெண்டும் ஒண்ணுன்னு யாரு சொன்னா உங்களுக்கு?"

நான் பதில் சொல்லவில்லை. எழுதியது நான்தான் என்றும் சொல்லவில்லை.

அன்றிரவுதான் படித்தேன். மூலத்தில் சீகிராஸ் என்று இருந்தது அவர்கள் தாழை என்று சொல்லும் கடற்புல்தான். அது பூக்கும் தாவரம். மணலுக்குள் வேரும் கிடைத்தண்டும் ஓட்டி நிற்கும். தண்ணீருக்குள்ளேயே பூக்கும், காய்க்கும். ஒரு காலத்தில் நிலத்தில் இருந்த செடியினம் கடலுக்குத் திரும்பியது. பாசிக்கு வேரும் இல்லை, பூவும் இல்லை. பாறையைப் பற்றிக்கொள்ள ஒரு பிடிப்பு மட்டும் உண்டு. சத்தை உடல் முழுவதாலும் உறிஞ்சிக்கொள்ளும். ஆவுளியா ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது கிலோ தாழை தின்னும். மேய்ச்சல் வெளி முழுவதையும் மடி உழுதுவிட்டால் அதற்குப் போக்கிடம் இல்லை. ஓர் ஈற்றுக்கு ஒரே கன்று, அடுத்த ஈற்றுக்குச் சில ஆண்டுகள். அப்படிப்பட்ட உயிருக்கு மேய்ச்சல் நிலம் போனால் மீள்வது எளிதல்ல. அதன் பட்டினிக்குக் காரணமான மடியை வெட்டிவிட்டு, விரலில் துணி சுற்றிய பெண்கள் தலையில் பழியை வைத்திருந்தேன்.

அந்தப் பழி வெறும் காகிதத்தோடு நிற்பதல்ல. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சேர்த்து 1986-இல் கடல்சார் தேசியப் பூங்கா அறிவித்தார்கள். அந்தத் தீவுகளைச் சுற்றித்தான் இந்தப் பெண்கள் மூழ்கிப் பிழைத்தார்கள். எல்லைக்குள் வரக்கூடாது என்ற தடை ஏற்கெனவே அவர்கள் கழுத்தில் இருந்தது. பாசி எடுப்பவர்களால்தான் ஆவுளியா அழிகிறது என்று சொல்ல விரும்புகிற யாருக்கும் என் வாக்கியம் அச்சிட்ட சான்றாகக் கிடைத்தது.

இரண்டாம் பதிப்புக்கு மெய்ப்புப் பார்க்க அனுப்பினார்கள். திருத்த ஒரு நிமிடம் போதும். ஆனால் ஏன் திருத்துகிறேன் என்று கேட்பார்கள், முதல் பதிப்பு முழுவதும் பிழை என்று ஒத்துக்கொள்ள வேண்டும், அடுத்த வேலை கிடைக்காது என்று பயந்தேன். எழுத்துப்பிழைகளை மட்டும் சரிசெய்து அனுப்பிவிட்டேன்.

2022-இல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரை ஆவுளியாக் காப்பகமாக அரசு அறிவித்த செய்தியைப் படித்தேன். மகிழ வேண்டிய செய்தி. எனக்கு அந்த அக்காவின் விரல்கள்தான் கண்ணில் நின்றன. அதன் பிறகும் அந்த ஊருக்குப் போக எனக்குத் துணிவு வரவில்லை.

அந்தக் கையேட்டின் பிரதிகள் இன்னும் சில பள்ளி அலமாரிகளில் இருக்கலாம். வைத்திருப்பவர்கள் 11-ஆம் பக்கத்தில் அந்த வாக்கியத்தை அடித்துவிட்டு இப்படி எழுதிக்கொள்ளுங்கள்: இழுவை மடிகள் தாழையை வேரோடு பிடுங்குவதால் ஆவுளியா உணவின்றி அழிகிறது.