கபரக்கொய்யாவும் என் மகனும்

2004ஆம் ஆண்டு கோடை விடுமுறையில் மகனை லண்டன் மிருகக்காட்சிச்சாலைக்குக் கூட்டிச் சென்றேன். கொமோடோ உடும்புக்கென்று அவ்வாண்டுதான் புதுக்கூடம் திறந்திருந்தார்கள். கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு கேட்டான்:

"அப்பா, இது எங்கடை ஊரிலயும் இருக்கோ?"

"இது இந்தோனேசியாவில சில தீவுகளில மட்டும்தான். ஆனா இதின்ரை சொந்தக்காரர் எங்களிட்டையும் இருக்கினம்" என்றேன்.

யாழ்ப்பாணத்தில் நான் கண்டது பற்றைகளில் திரியும் தரை உடும்பைத்தான். கபரக்கொய்யா என்னும் நீர் உடும்பை முதன்முதலில் கண்டது 1995இல், வெள்ளவத்தைக் கால்வாயில். ஆறடிக்கு மேலும் வளரும். தட்டையான வாலை வீசி நீந்தும். மீன், நண்டு, முட்டை, செத்த பிராணி எல்லாம் தின்னும். ஆறு, களப்பு, கண்டல் காடு, வயல் வாய்க்கால், நகரத்துக் கான் என்று நீர் உள்ள இடமெல்லாம் அதற்கு வீடு. வங்கத்துச் சுந்தரவனம், மலேசியா, இந்தோனேசியா எங்கும் உண்டு. இலங்கையிலும் உண்டு. ஆனால் பக்கத்திலிருக்கும் தமிழ்நாட்டில் இல்லை.

இவ்வளவையும் மகனுக்குச் சொல்லிவிட்டு, "நாங்கள் லண்டன் வரக் காத்திருந்த ஐந்து மாசமும் லொட்ஜ் அறைக்குள்ள பயந்து கிடந்தம். அது கரையில வெயில் காய்ஞ்சுகொண்டு கிடக்கும்" என்றேன்.

"ஏன் பயம், அப்பா?"

ஒன்பது வருடமாகச் சொல்லாத கதையை அன்று வீடு திரும்பும் பஸ்ஸில் சொன்னேன்.

புதிதாக வந்திருக்கும் பெற்றோரே, ஊரைப் பற்றிப் பிள்ளைகளுக்கு எங்கிருந்து தொடங்குவதென்று தெரியாவிட்டால், அங்குள்ள ஒரு பிராணியிலிருந்து தொடங்குங்கள். மிச்சத்தை அவர்களே கேட்பார்கள்.