ஒளிப்படத்திற்குப் பின் ஓர் ஆடை

பருத்திப்பட்டு என்னும் பெயரைக் கேட்போர், பருத்தியும் பட்டும் ஒருங்கே சிறந்த ஊர் எனக் கருதுதல் இயல்பு. ஊர்ப்பெயர்களின் ஈற்றில் வரும் ‘பட்டு’ துகிலைக் குறிப்பதன்று, சிற்றூரைக் குறிப்பது. ஆயினும், இவ்வட்டாரத்திற்கும் துணிக்கும் உறவு இல்லாமல் இல்லை. அருகிலுள்ள ஆவடியில் 1961ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற படைத்துறை உடைத் தொழிற்சாலை, இராணுவ வீரர்க்குச் சீருடை தைக்கிறது. அம்பத்தூரின் ஏற்றுமதி ஆடை நிறுவனங்களில் எம் மாணவியர் சிலரின் அன்னையர் தையற்பொறியின் முன் அமர்ந்து பணிபுரிகின்றனர்.

அத்தகைய அன்னை ஒருவரின் மகள், அயல்நாட்டு இதழொன்றில் வந்த விலையுயர்ந்த அங்கியின் படத்தைக் காட்டி, “ஐயா, படம் எடுத்து முடிந்ததும் இந்த உடுப்பு யாருக்குப் போகும்? போட்டுக்கொண்ட பெண்ணுக்கா, தைத்தவருக்கா?” என்று எம்மிடம் வினவினார். வினா எளிது, விடையோ எம்மைப் பல நாள் சிந்திக்க வைத்தது.

இருவருக்கும் அன்று என்பதே விடை. ‘ஓத் கூத்யூர்’ எனப்படுவது பாரிசு நகரின் உயர்கைத்தையற் கலை. அப்பெயரைப் பயன்படுத்தும் உரிமை 1945 முதல் பிரான்சில் சட்டத்தால் வரையறுக்கப்பட்டுள்ளது. அரங்கில் காட்டுவதற்கெனத் தைக்கப்பெறும் அங்கி பெரும்பாலும் ஒன்றே ஒன்றுதான். இதழ்களுக்கு அஃது இரவலாகவே செல்கிறது. மென்தாளில் பொதிந்து அனுப்பப்பெற்று, படம் எடுத்தபின் தையலகத்திற்கே திரும்புகிறது. முகப்பூச்சின் கறை நீக்கப்படும். அறுந்த மணிகள் மீண்டும் கோக்கப்படும். பின்னர் அடுத்த இதழுக்குப் பயணம். விலைக்கு வேண்டும் சீமாட்டிக்கு அவர்தம் உடலளவிற்கேற்ப வேறொன்று புதிதாகத் தைக்கப்படும். காட்டிய அங்கியோ சில வேளை குறைந்த விலைக்கு விற்கப்படும். சில வேளை நிறுவனத்தின் காப்பகத்தில் இடம்பெறும்.

1955இல் ரிச்சர்டு அவெடன் என்னும் ஒளிப்படக் கலைஞர், டியோர் நிறுவனத்தின் கருநிற அங்கியணிந்த டொவீமா என்னும் பெண்ணைப் பாரிசில் சர்க்கஸ் யானைகளின் நடுவே நிறுத்திப் படமெடுத்தார். அப்படத்தின் பெரிய படியொன்று 2010இல் ஏலத்திற்கு வந்தபோது, 8,40,000 யூரோவுக்கும் மேல் கொடுத்து வாங்கியது அதே டியோர் நிறுவனமே. ஆடையை இரவல் தந்தவர் அதன் நிழலை விலைகொடுத்துப் பெற்றனர்.

அவ்வங்கியை வடிவமைத்தவர் அந்நாளில் 19 வயது இளைஞரான ஈவ் சான் லோரான். பின்னாளில் தனியே தையலகம் நிறுவிய அவர், 1964 முதல் தம் ஆடைகளைத் திட்டமிட்டுச் சேமிக்கலானார். அத்தையலகம் இயங்கிய கட்டடமே 2017இல் அருங்காட்சியகமாயிற்று. அங்குள்ள குறிப்புத் தாள்களில் ஆடையின் வரைபடம், துணித்துண்டு, அணிந்தவர் பெயர் ஆகியவற்றுடன் தையற்கூடத் தலைவரின் பெயரும் உண்டு. ஊசி பிடித்தோர் அனைவர் பெயரும் இல்லை. ஒருவர் பெயரேனும் இருக்கிறது.

நம் நாட்டு நிலை யாது? கோடம்பாக்கத்துத் திரைப்பட உடைகள் பல, படப்பிடிப்பு முடிந்தபின் வாடகைக் கடைகளை அடைகின்றன. நேற்று அரசன் அணிந்த சரிகை அங்கி, இன்று பள்ளி ஆண்டுவிழாவில் கட்டபொம்மனாக நிற்கும் சிறுவனின் தோளில் தொங்குகிறது. இது குறையன்று, ஆடையின் வாழ்வு நீள்கிறது. எம்மை வருத்துவது வேறு. காஞ்சிபுரத்துப் பழம்பட்டுச் சேலை, தெருவில் கூவி வாங்குவோர் கைக்குச் சென்றால் பெரும்பாலும் நெருப்பிற்கு இரையாகிறது. சரிகையிலுள்ள வெள்ளி மட்டும் உருக்கி எடுக்கப்படுகிறது. தராசில் வெள்ளிக்கு எடையுண்டு. பல நாள் தறியிலமர்ந்து கரையையும் உடலையும் கோர்வையிட்டு இணைத்த நெசவாளரின் உழைப்பிற்கு எடையில்லை.

கரிகாலன் பொருநனுக்கு அளித்த துகில், நூல் சென்ற வழி கண்ணுக்குப் புலனாகாத நுண்மையது. பாம்பின் தோலை ஒத்தது எனப் பொருநராற்றுப்படை போற்றும். அதற்குமுன் அவன் உடுத்திருந்த, வேற்று நூல் நுழைத்துத் தைத்த கந்தலையும் அந்நூல் மறக்கவில்லை. கொடுத்த மன்னன் பெயர் இன்றும் வாழ்கிறது. நெய்தவர் பெயரை அறிவார் இலர்.

ஆதலின், மாணவச் செல்வங்களுக்கு ஒரு வேண்டுகோள். இல்லத்துப் பெட்டியில் உறங்கும் பாட்டியின் புடவையை எடுத்துப் பாருங்கள். எந்த ஆண்டு, எந்த ஊரில் வாங்கியது, யார் நெய்தது, கிழிசலைத் தைத்தவர் யார் என்பதை, பெரியோர் நினைவில் இருக்கும்போதே கேட்டறிந்து தாளில் எழுதி மடிப்பினுள் வையுங்கள். நெய்தவர் பெயர் தெரியவில்லையெனின் ஊரின் பெயரையேனும் எழுதுங்கள். நும் அன்னையார் தையற்பணி புரிபவராயின், முதலில் எழுதப்பெறும் பெயர் அவருடையதாகட்டும்.