எந்த வரிசை?

வரிசை என்றால் எனக்குச் சிறு வயதிலிருந்தே பயம். ரேஷன் கடை வரிசை, ரயில் டிக்கெட் வரிசை, கோயிலில் தர்ம தரிசன வரிசை - எதில் போய் நின்றாலும் நான் நிற்கிற வரிசை மட்டும் நகராது. பக்கத்து வரிசை விறுவிறுவென்று நகரும். சரிதான் என்று அதில் போய்ச் சேர்ந்தால் அது உடனே நின்றுவிடும். நான் விட்டு வந்தது ஓட ஆரம்பிக்கும். இது என் ஜாதக விசேஷம் என்று எண்ணி, அதைப் பற்றி வேடிக்கையாக நாலைந்து தடவை எழுதியும் இருக்கிறேன். ஆனால் எந்த வரிசையில் நிற்பது என்பதே ஒருவருக்குப் பெரிய சங்கடமாக இருக்கக்கூடும் என்பதை 2016-ம் வருஷத்தில் ஒரு நாள் காலையில்தான் தெரிந்துகொண்டேன்.

என் தமக்கைக்கு முழங்கால் வலி. தனியார் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறேன் என்றால் கேட்கமாட்டாள். அரசாங்க ஆஸ்பத்திரியில் இருக்கும் டாக்டர்தான் கைராசிக்காரர் என்பது அவளுடைய தீர்மானம். ஆகவே காலை ஏழு மணிக்கே போய்விட்டோம். சீட்டுக் கொடுக்கும் இடத்தில் இரண்டு ஜன்னல்கள். ஒன்றின்மேல் 'ஆண்கள்' என்றும் மற்றதன்மேல் 'பெண்கள்' என்றும் எழுதியிருந்தது. அக்கா பெண்கள் வரிசையில் நின்றாள். நான் சுவரோரத்து பெஞ்சியில் உட்கார்ந்து பத்திரிகையைப் பிரித்துக்கொண்டேன்.

சற்று நேரத்தில் ஒரு திருநங்கை வந்தார். முப்பது வயது இருக்கலாம். சாதாரண நூல் புடவை; தலையில் ஒரு முழம் கனகாம்பரம். புடவைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு இருமினார். லேசான இருமல் அல்ல. உடம்பையே குலுக்குகிற இருமல். பெண்கள் வரிசையின் கடைசியில் போய் நின்றார். முன்னால் நின்ற அம்மாள் திரும்பிப் பார்த்து விலகினாள். யாரோ ஏதோ முணுமுணுத்தார்கள். அவர் ஒன்றும் பேசாமல் ஆண்கள் வரிசைக்கு மாறினார். அங்கே இரண்டு வாலிபர்கள் ஒருவர் தோளை ஒருவர் இடித்துக்கொண்டு சிரித்தார்கள். மறுபடியும் வெளியே வந்து, இரண்டு வரிசைக்கும் நடுவில் இருந்த தூணருகே நின்றுகொண்டார்.

இதைப் பார்த்து என் அக்கா, "இங்கே வாம்மா, எனக்கு முன்னாலே நில்லு" என்று கூப்பிட்டாள்.

"இல்லேம்மா, பரவாயில்லை."

"என்ன பரவாயில்லை? இப்படி இருமறே, வா."

வந்து நின்றார். ஜன்னலை அடைந்ததும் தம்முடைய அட்டையை உள்ளே நீட்டினார். குமாஸ்தா அட்டையைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார். பிறகு அட்டையில் இருந்த ஆண் பெயரை, கூடம் முழுவதும் கேட்கும்படி உரக்க வாசித்தார். "இது யாரு? நீயா?" என்று கேட்டார்.

கூடம் சிரித்தது. எல்லாரும் சிரித்தார்கள் என்று சொல்லமாட்டேன். ஆனால் ஓர் அவமானத்துக்கு எவ்வளவு சிரிப்பு வேண்டுமோ அவ்வளவு இருந்தது. அவர் கையை நீட்டி அட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டார். சீட்டு வாங்கவில்லை. விடுவிடென்று படியிறங்கிப் போய்விட்டார். வெளியே வேப்பமரத்தடியில் அந்த இருமல் இரண்டு தரம் கேட்டது. அப்புறம் கேட்கவில்லை.

நான் என்ன செய்தேன் என்று கேட்கிறீர்களா? பத்திரிகையை முகத்துக்கு நேராக உயர்த்திப் பிடித்துக்கொண்டேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அக்கா வெகு நேரம் பேசவில்லை. பிறகு, "ஏண்டா தம்பி, இவ்வளவு கலாட்டாவிலே, அந்தப் பொண்ணுக்கு என்ன உடம்புன்னு ஒருத்தரும் கேட்கலையேடா?" என்றாள்.

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. வேறொரு விஷயம் என் மனத்தை அரித்துக்கொண்டிருந்தது. அந்தக் கூடத்தில் கேட்ட சிரிப்பை நான் எங்கோ முன்பே கேட்டிருக்கிறேன் என்று தோன்றியது. வீட்டுக்கு வந்து அலமாரியைத் திறந்தபோது புரிந்தது. முப்பது வருஷங்களுக்கு முன் நான் எழுதிய ஒரு தொடர்கதையில், கதை சற்றுத் தொய்ந்த இடத்தில், சந்தைக்கு வருகிற ஒரு திருநங்கையை இரண்டு பக்கத்துக்குக் கொண்டு வந்திருந்தேன். அந்நாளில் எல்லாரும் கூசாமல் சொன்ன ஒரு சொல்லால் அவரை அழைத்திருந்தேன். அவர் கை தட்டுகிறார், ஜனங்கள் சிரிக்கிறார்கள், அவ்வளவுதான். அவர் எங்கிருந்து வந்தார், இரவு எங்கே தூங்குவார், அவருக்கும் ஜுரம் வருமா என்றெல்லாம் நான் யோசிக்கவில்லை. "வெகு தமாஷ்" என்று வாசகர்கள் கடிதம் எழுதினார்கள். ஆஸ்பத்திரிக் கூடத்தில் நான் கேட்டது என் சொந்தச் சரக்கைத்தான்!

அன்று மாலை, டாக்டராக இருக்கும் ஒரு நண்பரிடம் நடந்ததைச் சொன்னேன். "இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் சளியைச் சோதிக்க வேண்டும் என்பது விதி. க்ஷயமாக இருந்தால் பெரும்பாலும் ஆறு மாத மருந்தில் குணமாகிவிடும். அரசாங்கத்தில் இலவசமாகவே கொடுக்கிறார்கள். ஆனால் அந்த மருந்து ஜன்னலுக்கு உள்ளே இருக்கிறது, இருமல் வெளியே போய்விட்டது" என்றார். "சாதாரண இருமலாகவும் இருக்கலாம். பார்த்தால்தானே தெரியும்?" என்றும் சேர்த்துக்கொண்டார்.

பிறகு அவர் சொன்ன சரித்திரத்தைப் பின்னால் நானே தேடிப் படித்தேன். 1986-ம் வருஷம். எய்ட்ஸ் என்பது மேல்நாட்டார் வியாதி, நமக்கு வராது என்று நம்மவர்கள் நிம்மதியாக இருந்த சமயம். சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியை டாக்டர் சுனிதி சாலமனின் யோசனைப்படி, நிர்மலா என்ற மாணவி, அரசாங்கக் காப்பகத்தில் அடைபட்டிருந்த பாலியல் தொழிலாளிப் பெண்களிடம் ரத்தம் சேகரித்தார். அதை வேலூருக்கு எடுத்துச் சென்று சோதித்ததில் 6 பேருக்கு அந்தக் கிருமி இருப்பது தெரிந்தது. இந்தியாவில் கண்டறியப்பட்டது அதுவே முதல் தடவை. ஊர் திரும்பிப் பார்க்காத பெண்கள்தாம் அந்த உண்மையை ஊருக்குத் தெரிவித்தார்கள். டாக்டர் சுனிதி 1993-ல், தொட்டுப் பார்க்கவே பலர் தயங்கிய நோயாளிகளுக்கென்று, சென்னையிலேயே ஒரு நிலையம் ஆரம்பித்தார். 2015-ல் காலமானார்.

மருந்தின் கதை இன்னும் விசித்திரமானது. மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் எய்ட்ஸ் நோயாளி பிழைத்திருக்கலாம் என்று 1996-ல் தெரிந்துவிட்டது. ஆனால் ஒருவருக்கு ஒரு வருஷத்துக்கு 10,000 டாலருக்கு மேல் செலவு. நோயாளிகளில் பெரும்பாலோர் ஆப்பிரிக்காவில். மருந்தோ பணக்கார நாடுகளில். 2001 பிப்ரவரியில் பம்பாய்க் கம்பெனியான சிப்லா, எல்லைகளற்ற மருத்துவர்கள் சங்கத்துக்கு அதே மருந்தை வருஷத்துக்கு 350 டாலருக்குத் தர முன்வந்தது. ஒரு நாளைக்கு ஒரு டாலர்கூட ஆகவில்லை! மருந்துச் சரக்குக்கே தனியுரிமை கிடையாது, செய்முறைக்கு மட்டுமே உண்டு என்று நம் நாட்டின் 1970-ம் வருஷச் சட்டம் விதித்திருந்தபடியால் அது சாத்தியமாயிற்று. விலை சரிந்தது, லக்ஷக்கணக்கான உயிர்கள் பிழைத்தன. 2004 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து நம் அரசாங்கமே இலவசமாக அந்த மருந்தைக் கொடுக்க ஆரம்பித்தது. முதலில் கொடுத்த எட்டு இடங்களில், 1928-ல் க்ஷயரோகிகளுக்காகத் தொடங்கிய தாம்பரம் சானடோரியமும் ஒன்று.

இதையெல்லாம் படித்துவிட்டு நான் பெருமைப்படத்தான் செய்தேன். ஆனால் பெருமைக்கு நடுவே அந்தத் தூண் வந்து நின்றது. 10,000 டாலரை 350 டாலராகக் குறைத்துவிட்டோம். மருந்தைக் கடல் தாண்டி அனுப்பிவிட்டோம். தூணுக்கும் ஜன்னலுக்கும் நடுவே இருந்த பத்தடி தூரத்தை மட்டும் குறைக்க முடியவில்லை. 2021-ல் அரசாங்கம் எடுத்த கணக்கில், இந்தியாவில் வயது வந்தவர்களில் நூற்றுக்குச் சுமார் 0.2 பேருக்கு எச்.ஐ.வி. இருந்தது, திருநங்கைகளில் நூற்றுக்குச் சுமார் 3.8. அவர்களுடைய ரத்தம் வேறு மாதிரியானது அல்ல. வீட்டிலிருந்து துரத்தப்பட்டு, வேலை கிடைக்காமல், ஆஸ்பத்திரிப் படியும் ஏறக் கூசுகிற எவருக்கும் அந்தக் கதிதான் நேரும்.

சட்டம் ஒன்றும் செய்யவில்லை என்று சொன்னால் பாவம். தமிழ்நாட்டில் 2008 ஏப்ரல் 15-ல் அவர்களுக்கென்று நலவாரியம் ஏற்பட்டது. 2014-ல் அதே ஏப்ரல் 15-ந் தேதி, தான் ஆணா, பெண்ணா, மூன்றாம் பாலா என்று சொல்லும் உரிமை அவரவருக்கே என்று சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. 2018 செப்டம்பர் 6-ந் தேதி, ஒரே பாலினத்தவரின் அன்பைக் குற்றமாக்கி வைத்திருந்த 1860-ம் வருஷத்துப் பிரிவின் பல்லும் பிடுங்கப்பட்டது. அந்தப் பிரிவுக்குப் பயந்து எத்தனையோ பேர் தங்கள் வியாதியை டாக்டரிடம்கூடச் சொல்லாமல் மறைத்தார்கள். உலக சுகாதார ஸ்தாபனமோ 1990-லேயே ஒருபாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. எல்லாம் சரிதான். ஆயினும் நான் கண்ட காட்சி நடந்தபோது 2014-ம் வருஷத் தீர்ப்புக்கு இரண்டு வயது ஆகியிருந்தது. டில்லியில் சொன்ன தீர்ப்பு அந்த ஜன்னலுக்கு இன்னும் வந்து சேரவில்லை!

தனி ஆஸ்பத்திரி வைத்துவிட்டால் என்ன என்று சிலர் கேட்கிறார்கள். 2021-ல் ஹைதராபாத்தில் அப்படி ஒன்று வைத்தார்கள். 'மித்ர்' என்று பெயர். திருநர் சமூகத்தைச் சேர்ந்தவர்களே அங்கே வேலை பார்த்தார்கள். யாரும் பெயரைச் சொல்லிச் சிரிக்கவில்லை. ஆனால் பணம் அமெரிக்க அரசாங்கத்தினுடையது. 2025 ஜனவரியில் அங்கே வெளிநாட்டு உதவியை நிறுத்தினார்கள். இங்கே கதவு மூடிற்று. சில மாதங்களுக்குப் பின், நம் நாட்டு அறக்கட்டளை ஒன்றின் உதவியால் வேறு பெயரில் திறந்தார்கள் என்று அறிந்து சந்தோஷப்பட்டேன். ஆனாலும் சுமார் எட்டாயிரம் மைலுக்கு அப்பால் ஒருவர் போடும் கையெழுத்தில் ஒருவருடைய மாத்திரை நின்றுபோவது என்ன நியாயம்? தனி இடங்கள் வேண்டியவைதான். ஆனால் சொந்த ஊரில், எல்லாரும் போகிற ஆஸ்பத்திரியில், எல்லாரும் வாங்குகிற சீட்டு அவர்களுக்கும் கிடைக்க வேண்டும். அதற்கு டாலர் வேண்டாம். "உங்களை எப்படிக் கூப்பிடட்டும்?" என்று கேட்கிற ஒரு குமாஸ்தா போதும். பெஞ்சியில் இருப்பவர்கள் சிரிக்காமல் இருந்தால் அதைவிட விசேஷம்.

என் பழைய தொடர்கதைக்குப் புதிய பதிப்பு கொண்டு வருவதாகப் பதிப்பாளர் சொன்னபோது, அந்த இரண்டு பக்கங்களையும் அடித்துவிட்டேன். "தமாஷான இடமாயிற்றே, ஸார்!" என்று அவர் வருத்தப்பட்டார். நான் அடித்ததனால் யாருடைய இருமலும் நின்றுவிடப் போவதில்லை. அது எனக்குத் தெரியும். ஊரார் பழித்தால் என்ன என்று கதாநாயகர்களைத் துணிச்சலாகப் பேசவைத்த நான், பத்திரிகைக்குப் பின்னால் ஒளிந்திருந்தபோது, மூன்றாம் வகுப்பு வரை படித்த என் அக்காதான் "வாம்மா" என்று கூப்பிட்டாள். அதையாவது எழுதி வைக்கவேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

அக்கா இப்போதும் மாதம் ஒரு தடவை அந்த ஆஸ்பத்திரிக்குப் போகிறாள். முழங்கால் எப்படியிருக்கிறது என்று நான் கேட்பேன். அதற்குப் பதில் சொல்லுமுன், செருப்பைக் கழற்றிக்கொண்டே, "அந்தப் பொண்ணு இன்னிக்கும் வரலைடா" என்பாள்.