இருபத்தேழாவது எலும்பு

பத்தாம் தரத்தில் படிக்கும்போதுதான் என் இடது காலில் நோவு தொடங்கியது. பாதத்தின் உட்பக்கத்தில், கணுக்காலுக்குச் சற்று முன்னால் சிறிய மேடொன்று. சப்பாத்து அதில் உரசினால் உயிர் போகும். வாழைச்சேனையில் வகுப்பு முடிந்து ஓட்டமாவடிப் பாலத்தால் வரும்போது வாவியைப் பார்ப்பதுபோல நிற்பேன். உண்மையில் நோவு தணியட்டும் என்றே நிற்பேன். காலை மடித்து இருக்க முடியாமல் கதிரையில் இருந்து தொழத் தொடங்கினேன்.

“படிக்கச் சொன்னாத்தான் புள்ளைக்கு இல்லாத நோவெல்லாம் வரும்” என்று உம்மா சிரித்தார். எண்ணெய் பூசினோம். சுளுக்கென்று தடவுவித்தோம். வளரும் வயதில் வரும் நோவு என்று ஒரு வைத்தியர் குளிசை தந்தார். ஒரு வருடம் இப்படியே போனது. நோவைவிட, யாரும் என்னை நம்பாததுதான் பெரிய கவலை.

கடைசியில் வாப்பா மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குக் கூட்டிப்போனார். அங்கே வைத்தியர் மேட்டை அழுத்திப் பார்த்தார், ஒற்றைக் காலில் நின்று குதியை உயர்த்தச் சொன்னார், எக்ஸ்ரே எடுத்தார். மனிதப் பாதத்தில் 26 எலும்புகள். ஏறக்குறைய பத்துப் பேரில் ஒருவருக்குப் பாதத்தின் உட்பக்கத்தில் மேலதிகமாகச் சிறிய எலும்பொன்று பிறவியிலேயே அமைந்துவிடும். பெரும்பாலானோருக்கு அதனால் தொல்லையே இல்லை. பாதத்தின் வளைவைத் தாங்கும் தசைநாண் அதைப் பற்றி இழுக்கும்போது, சிலருக்குப் பதின்ம வயதில் நோவு எடுக்கும்.

உடனே வெட்டவில்லை. சில வாரம் பத்துப் போட்டு, பிறகு சப்பாத்துக்குள் மெத்தை வைத்து, ஆறு மாதம் பார்த்தார்கள். குறையவில்லை. சாதாரண தரப் பரீட்சை முடிந்த விடுமுறையில் சத்திரசிகிச்சை நடந்தது. மேலதிக எலும்பை அகற்றி, தசைநாணை இழுத்துப் பொருத்தும் இந்த முறையை அமெரிக்க வைத்தியர் கிட்னர் 1929இலேயே எழுதியிருக்கிறார். முதுகில் போட்ட ஊசியால் இடுப்புக்குக் கீழே மரத்துப்போக, விழித்தபடியே ஸலவாத்து ஓதிக்கொண்டிருந்தேன்.

ஆறு வாரம் பத்து, ஊன்றுகோல், பிறகு குழந்தைபோல நடை பழகல். அந்நாட்களில் ஒரு மாலை, என் காலைத் துடைத்துக்கொண்டிருந்த உம்மா தன் பாதத்தை நீட்டிக் காட்டினார். அதே இடத்தில் அதே மேடு.

“எனக்கும் நோகும் மகள். பொம்புளக் கால் எண்டா நோகுந்தானே எண்டு இருந்துட்டன்.”

என்னிடம் இருந்த கோபமெல்லாம் அங்கேயே கரைந்தது. தன் நோவையே நம்பாதவர் என் நோவை எப்படி நம்புவார்?

இப்போது நான் காலை மடித்து இருந்தே தொழுகிறேன், அல்ஹம்துலில்லாஹ். பெற்றோரே, பிள்ளை நோகுது என்றால் சாட்டு என்று தள்ளிவிடாதீர்கள். தோழியரே, உங்கள் உம்மாவின் கால்களையும் ஒருமுறை பாருங்கள். அடுத்த கிளினிக் நாளில் நாங்கள் மட்டக்களப்புக்குப் போகிறோம். இம்முறை நோயாளி உம்மா. துணைக்குப் போவது நான்.