பச்சைப் பலாவும் பாடும் வீணையும்

வீணையின் இன்னிசையைக் கேட்டு மகிழ்வோர் அதனை மீட்டுவோரைப் புகழ்வர். சிலர் அதனைச் செய்த ஆசாரியையும் நினைப்பர். மரம் வெட்டுண்ட நாளுக்கும், ஆசாரியின் உளி இறுதியாக அதன்மேல் படும் நாளுக்கும் இடையே கழியும் காலத்தை நினைப்போர் மிகச் சிலரே. அக்காலம் வீண்காலமன்று என்பதை எம் இல்லத்திலேயே கண்டறியும் வாய்ப்பு எமக்கு நேர்ந்தது. நண்பர்களுக்குப் பயன்படுமென்று கருதி அதனை ஈண்டுச் சுருக்கி எழுதுகின்றோம்.

2011ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்த தானே புயல், பண்ணுருட்டி வட்டாரத்துப் பலாத் தோப்புகளையும் முந்திரிக் காடுகளையும் சாய்த்தது. எம் பாட்டனார் நட்ட பலாவும் அன்று வீழ்ந்தது. விறகு வணிகர் ஒருவர் மறுவாரமே விலை பேச வந்தார். வீட்டிற்குப் பணம் வேண்டியிருந்த காலம் அது. ஆயினும் எம் பாட்டியார், "இதில் ஒரு வீணைக்கு ஆகும் மரத்தை என் பேத்திக்காக வைத்துவிட்டு, மிச்சத்தைக் கொடுங்கள்" என்றார். தஞ்சாவூர் வீணை பலாமரத்தால் ஆவது. 2013ஆம் ஆண்டு புவிசார் குறியீடும் பெற்றது. எங்கள் பக்கத்துப் பலா தஞ்சை ஆசாரிகளிடம் செல்வதும் உண்டு. ஆகவே அவர் சொல்லை ஏற்றோம்.

ஆனால் பச்சை மரம் வீணைக்கு உதவாது. அதன் காரணத்தைச் சிறிது ஆராய்வோம். பச்சை மரத்தில் நீர் இருவகையாய்த் தங்கியிருக்கின்றது. மரத்தின் நுண்ணறைகளின் உட்குழியில் நிற்கும் நீர் ஒன்று. அவ்வறைகளின் சுவருக்குள்ளேயே ஊறியிருக்கும் நீர் மற்றொன்று. முன்னது முதலில் வெளியேறும். அப்பொழுது எடை குறையுமேயன்றி மரம் சுருங்காது. முற்றும் உலர்ந்த மரத்தின் எடையை 100 எனக் கொண்டால், நீரின் அளவு ஏறக்குறைய 30க்கு இறங்கிய பின்னரே சுவர்நீர் கழியத் தொடங்கும்; சுருக்கமும் அப்பொழுதே தொடங்கும். அச்சுருக்கம் எத்திசையிலும் ஒருபடித்தாய் இராது. நீளவாக்கில் அது மிகச் சொற்பம். மையத்தினின்று பட்டையை நோக்கி ஒரு பங்கு சுருங்கினால், சுற்றுவாக்கில் ஏறக்குறைய இரு பங்கு சுருங்கும். இவ்வேற்றுமையாலேயே மரம் கோணுகின்றது, வெடிக்கின்றது. வீணையின் தண்டிமேல் மெழுகிற் பதித்த 24 மெட்டுகள் உள்ளன. ஈரமரத்தாற் செய்த தண்டி பின்னர்ச் சிறிதே வளைந்தாலும், மெட்டுக்கும் தந்திக்கும் உள்ள இடைவெளி மாறும், சுரம் பிறழும்.

எம் ஊரின் முதிய தச்சர் ஒருவர் எமக்கு வழிகாட்டினார். "நடுமையத்தோடு முழுக்கட்டையாய் வைத்தால் பிளவு தப்பாது, தம்பி" என்றார். ஆகவே மையத்தை விலக்கி, தண்டிக்கென நான்கு அங்குல கனத்தில் இரண்டும், குடத்திற்கென இரண்டுமாக நான்கு கட்டைகள் அறுத்தோம். குடக்கட்டைகளை ஈரமாயிருக்கும்பொழுதே அவர் குடைந்து, சுவரை இரண்டு அங்குலத் தடிப்பில் விட்டார். கனம் குறைந்தால் உள்ளும் புறமும் ஒருசேர உலரும். பின்னர்ச் சிறிது கோணினும் செதுக்கிச் சீராக்க மரம் மிஞ்சும்.

நீர் மரத்தின் பக்கங்களைவிட வெட்டுமுனைகளின் வழியே பத்து மடங்குக்கும் மேலாக விரைந்து வெளியேறும். நடுப்பகுதி சுருங்குமுன் முனை சுருங்கினால் முனை வெடிக்கும். ஆதலின் அறுத்த அன்றே முனைகளில் உருக்கிய மெழுகைத் தடவினோம். வெயிலும் மழையும் படாது காற்று மட்டும் ஊடாடும் வடபுறத் தாழ்வாரத்தில், தரையினின்று ஒரு முழம் உயர்த்தி, இடையிடையே ஓர் அங்குல ரீப்பர்த் துண்டுகள் இட்டுக் கட்டைகளை அடுக்கினோம். ஓர் அங்குல கனத்திற்கு ஓராண்டு என்பது தச்சர் சொன்ன கணக்கு. திங்கள்தோறும் எடையிட்டுக் குறித்து வைத்தோம். தண்டிக்கட்டை ஒன்று முதலில் 12 கிலோ 400 கிராம் இருந்தது. முதல் ஆறு திங்களில் இரண்டு கிலோவுக்கு மேல் இழந்தது. பின்னர் அரைக்கிலோ குறைவதற்கே பல திங்கள் சென்றன.

2013ஆம் ஆண்டின் இறுதியில் பாட்டியார் நோயுற்றார். உறவினர் பலர், "கட்டைகளை வெயிலிற் போடுங்கள், செங்கற் சூளையின் அருகே வையுங்கள், அவர் கண்மூடுமுன் வீணையைக் கேட்கட்டும்" என்று வற்புறுத்தினர். அவர்கள் அன்பை யாம் குறை கூறோம். ஆயினும் கடுஞ்சூட்டில் மேற்புறம் உலர்ந்து சுருங்கும். உட்புறம் ஈரத்தோடு விம்மி நிற்கும். இரண்டுக்கும் இடையே மரம் கிழியும். இரண்டு இரவுகள் எமக்குள்ளே வாதிட்டபின், அவரிடமே கேட்டோம். "தடியால் அடித்துக் கனிய வைத்த பழம் எனக்கு வேண்டாம். அது அதுவாக உலரட்டும்" என்றார். 2014ஆம் ஆண்டு ஆனித் திங்களில் அவர் மறைந்தார். அன்றும் கட்டைகள் தாழ்வாரத்திலேயே கிடந்தன.

2015ஆம் ஆண்டுக் கோடையில் அத்தண்டிக்கட்டையின் எடை 8 கிலோ 300 கிராமில் நிலைத்தது. நான்கு கட்டைகளையும் தஞ்சைக்குக் கொண்டு சென்றோம். ஆசாரியார் ஒவ்வொன்றையும் விரல் மடக்கித் தட்டிக் கேட்டார். ஒரு தண்டி முறுக்கியிருந்தது. ஒரு குடத்தின் விளிம்பில் பிளவு இருந்தது. இரண்டே தேறின. அவையே போதுமென்றார், தம் பட்டறைக் காற்றிலும் சில திங்கள் கிடக்கவேண்டுமென்றார். மறு ஆண்டு தைத்திங்களில் எம் தங்கையின் மடியில் அவ்வீணை அமர்ந்தது. உலர்ந்த மரமும் ஓய்ந்துவிடுவதில்லை. ஐப்பசி கார்த்திகையில் காற்றின் ஈரத்தைச் சிறிது ஏற்று, பங்குனியில் திருப்பிக் கொடுக்கின்றது. ஆகையால் மெழுகையும் மெட்டுகளையும் அவ்வப்போது சீர்செய்யவேண்டியிருக்கின்றது.

கல்வி பயிலும் நமக்கு இதில் ஒரு பாடம் உண்டு. தேர்வுக்கு முந்திய இரவில் திரட்டிய அறிவு, சூளையருகே உலர்த்திய கட்டையை ஒக்கும்; மேலே உலர்ந்திருக்கும், உள்ளே ஈரமே நிற்கும். இஃது ஒருபுறமிருக்க, நண்பர்காள், உங்கள் ஊரிலும் நல்லதொரு மரம் காற்றில் வீழ்ந்தால், விறகு விலை பேசுமுன் அதன் முனைகளுக்கு மெழுகிட்டு நிழலில் வையுங்கள். அதனை என் செய்வது என்பதைப் பின்னர் ஆற அமர எண்ணலாம்.