முழுப் பொருத்தம்

அண்ணனின் இரத்தப் புற்றுக்கு எலும்பு மஜ்ஜை மாற்றுவதென்று முடிவானபோது அக்காவும் நானும் பரிசோதனைக்கு இரத்தம் கொடுத்தோம். என்னை அண்ணன் என்றெண்ணித் தெருவில் பேச்சைத் தொடங்கியவர்கள் உண்டு, அத்தனை சாயல். ஆனால் முழுமையாகப் பொருந்தியவள் அக்கா. நான் பாதிகூடப் பொருந்தவில்லை. எச்.எல்.ஏ. மரபணுக்கள் ஆறாவது குரோமோசோமில் கொத்தாக அமைந்தவை. தாயிடமிருந்து ஒரு கொத்து, தந்தையிடமிருந்து ஒன்று. உடன்பிறந்த இருவருக்கு இரண்டும் ஒத்துப்போக நான்கில் ஒரு வாய்ப்பு, இரண்டும் மாறிப்போகவும் அதே நான்கில் ஒன்று. முகச்சாயலுக்கு அதில் வேலையில்லை.

சில வாரங்களில் அண்ணனின் உள்ளங்கைகள் சிவந்து தடித்தன. அக்காவின் டி செல்கள் அவன் தோலைத் தாக்குவதாக மருத்துவர் சொன்னார். முழுப் பொருத்தம் என்றார்களே என்ற கேள்வியோடுதான் நான் படிக்கத் தொடங்கினேன்.

டி செல் அந்நியப் பொருளைத் தனியே காண்பதில்லை. சிங்கர்நாகலும் டோஹர்ட்டியும் 1974இல் எலிகளில் கண்டது இதுதான்: வைரஸ் புகுந்த செல்லை டி செல் கொல்ல வேண்டுமானால், அந்தச் செல் தன் சொந்தத் திசு அடையாளத்தையும் காட்டியாக வேண்டும். 1987இல் எச்.எல்.ஏ.-ஏ2 மூலக்கூறின் வடிவம் வெளியானபோது காரணம் தெரிந்தது. அதன் மேற்புறத்தில் ஒரு பள்ளம். செல்லுக்குள் உடைபட்ட புரதங்களின் சிறு துணுக்குகள் அதில் அமர்கின்றன. டி செல் பள்ளத்தையும் துணுக்கையும் சேர்த்தே தடவிப் பார்க்கிறது. பள்ளம் ஒன்றாயினும் துணுக்கு வேறாகலாம்.

நெதர்லாந்தின் லெய்டன் நகரில் எல்ஸ் கௌல்மி குழுவினர் 1976இல் ஒரு பெண்ணைப் பற்றி எழுதினார்கள். எச்.எல்.ஏ. முழுதும் ஒத்த சகோதரனின் மஜ்ஜையை அவள் உடல் நிராகரித்திருந்தது. அவளுடைய டி செல்கள் ஆண்களின் செல்களைக் கொன்றன. அதிலும் ஏ2 உள்ள ஆண்களுடையதை மட்டும். ஒய் குரோமோசோம் ஆக்கும் புரதத்தின் ஒன்பது அமினோ அமிலத் துணுக்கு ஒன்று ஏ2வின் பள்ளத்தில் அமர்வது 1990களில் தெளிவாயிற்று. பெண்ணுடல் அறியாத துணுக்கு அது.

அண்ணன் விஷயத்தில் எந்தத் துணுக்கு என்று யாரும் சொல்லவில்லை. இவ்வகை வேறுபாடுகள் பல. மருந்தின் அளவைக் கூட்டினார்கள், தடிப்பு வடிந்தது. எஞ்சிய புற்றுச் செல்களை அழிப்பதும் அதே டி செல்கள்தாம் என்பதால் அவற்றை முற்றாக அடக்கவும் முடியாது.

அக்கா மட்டும் தன்னால்தான் என்று மருகிக்கொண்டிருந்தாள். ஒருநாள் லெய்டன் கதையைச் சொன்னேன். முழுதும் கேட்டுவிட்டு, "அப்ப அவன் தங்கச்சியா பொறந்திருக்கணுங்கிறியா?" என்றாள். பல நாட்களுக்குப் பிறகு அன்றுதான் சிரித்தாள்.