வாரக் கடைசியில் 2,000 வருஷம் பழைய ஆற்றங்கரை நகரம்... அரிக்கமேட்டை எந்த வரிசையில் பார்க்கலாம்?

ஆபீஸில் டீ டைம் பேச்சு. அடுத்த வாரக் கடைசிக்கு எங்கே போகலாம் என்று ஆளாளுக்கு ஓர் ஊர் சொல்லிக்கொண்டிருந்தோம். ஒருவர் கும்பகோணம் என்றார், இன்னொருவர் காசி என்றார். "ஆற்றங்கரையில பழைய ஊரா இருக்கணும், அவ்வளவுதான்" என்றேன் நான். சீனியர் ஒருவர் திரும்பிப் பார்த்து, "நீ அரியூர்தானே? உங்க வீட்டுக்குப் பக்கத்துலயே 2,000 வருஷ ஆற்றங்கரை ஊர் இருக்கே. அரிக்கமேடு பார்த்திருக்கியா?" என்று கேட்டார்.

பார்த்திருக்கிறேன். காலேஜ் படிக்கும்போது தோழிகளோடு ஸ்கூட்டியில் போனேன். மாந்தோப்பு, தென்னை, ஒரு பழைய செங்கல் சுவர். சுவருக்கு முன்னால் நின்று செல்ஃபி எடுத்தோம். "ஒண்ணுமே இல்லடி" என்று பத்தே நிமிஷத்தில் கிளம்பிவிட்டோம். அந்தச் சுவரைப் பற்றி நாங்கள் நினைத்ததும் தப்பு என்பது பிறகுதான் தெரிந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இந்த முறை ஊருக்குப் போனபோது அண்ணன், அண்ணி, ஏழாவது படிக்கும் அவர்கள் பையன், எங்கள் ஆயா எல்லோரையும் கூட்டிக்கொண்டு இரண்டு நாள் திட்டம் போட்டேன். அரிக்கமேட்டை நேராகப் போய்ப் பார்த்தால் ஏமாற்றம்தான். வரிசை மாற்றிப் பார்த்தால் கதையே வேறு. நாங்கள் போன வரிசை இதோ.

சனிக்கிழமை காலை: முதலில் ஆறு

அரிக்கமேட்டை உருவாக்கியது ஆறு. அதனால் ஆற்றிலிருந்தே தொடங்கினோம். செஞ்சிப் பக்கத்து மலைகளிலிருந்து வரும் சங்கராபரணி, வீடூர் அணையைத் தாண்டி எங்கள் வில்லியனூர் பக்கம் வருகிறது. செஞ்சி ஆறு, வராக நதி என்றும் இதற்குப் பெயர் உண்டு. கடலை நெருங்கும்போது இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை சுண்ணாம்பாறு. இன்னொன்று அரியாங்குப்பம் ஆறு. அந்த அரியாங்குப்பம் ஆற்றின் கரையில்தான் அரிக்கமேடு இருக்கிறது.

அரியூரிலிருந்து புதுச்சேரி பஸ்ஸில் ஏறினால் ஆரியபாளையம் பாலத்தில் ஆற்றைக் கடந்து வில்லியனூருக்குள் போய்விடலாம். அங்கே திருக்காமீஸ்வரர் கோயில், சோழர் காலத்தது. அம்மன் பெயர் கோகிலாம்பாள். பிரெஞ்சு ஆட்சியில் இந்தக் கோயில் தேரோட்டத்துக்கு கவர்னரே வந்து வடம் பிடிப்பாராம். அந்த வழக்கத்தில் இன்றைக்கும் துணைநிலை ஆளுநர் வந்து வடம் பிடிக்கிறார். கோயிலிலிருந்து கொஞ்ச தூரத்தில் 1877-ல் கட்டிய லூர்து மாதா திருத்தலம். முன்னால் குளம், குளத்தைச் சுற்றி எல்லா மதத்துக்காரர்களும் உட்கார்ந்திருப்பார்கள்.

அங்கிருந்து திருக்காஞ்சி. கங்கவராக நதீஸ்வரர் கோயிலின் படித்துறையில் இறங்கினால் சங்கராபரணி. மாசி மகத்தன்று இங்கே நிற்க இடம் கிடைக்காது. "காசியிலும் வீசம் அதிகம்" என்று இந்தத் தலத்தைச் சொல்வார்கள். வீசம் என்றால் பதினாறில் ஒரு பங்கு. பையனுக்கு அது பிடித்துப்போனது. "அப்போ காசிக்குப் போறதை விட ஆறு புள்ளி இருபத்தஞ்சு பர்சன்ட் அதிகமா அத்தை?" என்று கணக்குப் போட்டான்.

ஆயா படியில் உட்கார்ந்து காலை நனைத்துக்கொண்டார். "எங்க காலத்துல இந்த ஆத்துல முழங்கால் தண்ணியிலயே நடந்து அக்கரைக்குப் போயிடுவோம்" என்றார். அமைதியாகத் தெரியும் ஆறுதான். ஆனால் 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்த பிறகு இதே ஆற்றில் வெள்ளம் புரண்டு ஓடியதை ஊரே பார்த்தது. மழைக்காலத்தில் படித்துறையில் இறங்க வேண்டாம்.

சனிக்கிழமை மதியம்: மேட்டுக்கு முன்னால் மியூசியம்

இதுதான் முக்கியமான படி. அரிக்கமேட்டில் கிடைத்த பொருட்களைப் பார்க்க புதுச்சேரி அரசு அருங்காட்சியகத்துக்கு வர வேண்டும். பாரதி பூங்கா பக்கத்திலேயே இருக்கிறது. பிரெஞ்சுக் கால மேஜை நாற்காலி, ஆள் தள்ளிப்போகும் 'புஸ் புஸ்' வண்டி எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, அரிக்கமேடு பகுதியில் நிதானமாக நில்லுங்கள்.

முதலில் தேட வேண்டியது ஆம்போரா. இரண்டு பக்கமும் கைப்பிடி, அடிப்பாகம் கூம்பாக இருக்கும் ஜாடி. தரையில் நிற்காத ஜாடி எதற்கு என்று பையன் கேட்டான். கப்பலில் நெருக்கமாக அடுக்குவதற்கும், மணலில் குத்தி நிறுத்துவதற்கும் அந்தக் கூம்பு. மத்தியதரைக் கடல் பக்கத்திலிருந்து திராட்சை மது, ஆலிவ் எண்ணெய், மீனில் செய்த ஒரு வகைச் சாறு எல்லாம் இந்த ஜாடிகளில்தான் இங்கே வந்திருக்கின்றன.

அடுத்து மணிகள். கண்ணாடி, சூதுபவளம், அகேட் என்று சின்னச் சின்னதாக. இவை வெளியிலிருந்து வந்தவை இல்லை. செய்யும்போது உடைந்த துண்டுகளும் கழிவுகளும் அங்கேயே கிடைத்திருப்பதால், அரிக்கமேட்டில் மணி செய்யும் பட்டறைகள் இருந்தன என்று உறுதியாகச் சொல்கிறார்கள். இதே வகைக் கண்ணாடி மணிகள் தென்கிழக்கு ஆசியா வரை கிடைத்திருக்கின்றன.

இந்த ஊர் வெளியே தெரிந்த கதையும் சுவாரஸ்யமானது. லெ ஜென்தி என்ற பிரெஞ்சு வானியலாளர், சூரியனை வெள்ளி கடந்து போவதைப் பார்க்கப் புதுச்சேரிக்குக் கிளம்பினார். 1761-ல் அவர் வருவதற்குள் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. எட்டு வருஷம் காத்திருந்து 1769-ல் புதுச்சேரியிலேயே தயாராக நின்றார். அன்றைக்கு மேகம் மூடிவிட்டது! ஆனால் இங்கே இருந்த நாட்களில், ஆற்றங்கரையில் பழைய பெரிய செங்கற்களும் உறைகிணறுகளும் இருப்பதைக் கவனித்து எழுதிவைத்தார். 1937-ல் புதுச்சேரியில் இருந்த பேராசிரியர் ழுவோ துப்ராய்க்கு, தலை உருவம் செதுக்கிய ஒரு கல் அங்கிருந்து கிடைத்தது. அது ரோமப் பேரரசர் அகஸ்டஸ் என்று சொன்னார்.

பிறகு மார்ட்டிமர் வீலர். சென்னை அருங்காட்சியகத்தில் ஓர் ஆம்போராவின் உடைந்த துண்டைப் பார்த்துத்தான் இது எங்கிருந்து வந்தது என்று கேட்டு, அவர் புதுச்சேரிக்கே வந்தார். 1945-ல் அகழாய்வு செய்தார். இத்தாலியில் செய்த அரிட்டைன் மண்பாண்டங்கள் கிடைத்தன. அவற்றின் காலம் ஏற்கெனவே தெரியும் என்பதால், கூடவே அதே மண் அடுக்கில் கிடைத்த நம் ஊர்ப் பானைகளுக்கும் காலம் சொல்ல முடிந்தது. கிரேக்க மாலுமிகளின் கையேடான பெரிப்ளஸில் வரும் 'பொதுகே' துறைமுகம் இதுதான் என்று அடையாளம் காட்டியதும் வீலர்தான்.

அவருக்குப் பின்னால் 1947 முதல் 1950 வரை கசால், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி ஆகியோர் தோண்டினார்கள். ரோமானியர் வருவதற்கு முன்பே, கி.மு.விலேயே இங்கே மக்கள் வாழ்ந்தார்கள் என்பது தெளிவானது. தமிழ் பிராமி எழுத்து கீறிய பானை ஓடுகளும் கிடைத்திருக்கின்றன. அதாவது, இது ரோமானியர் கட்டிய ஊர் இல்லை. இங்கே இருந்தவர்களைத் தேடி ரோம வணிகம் வந்தது.

ஞாயிறு காலை: இப்போது மேடு

காலை ஏழு மணிக்கே கிளம்பிவிட்டோம். வெயில் ஏறுவதற்குள் பார்த்துவிட வேண்டும். அரியாங்குப்பம் வந்து, காக்காயந்தோப்பு வழியாக உள்ளே போக வேண்டும். அதே மாந்தோப்பு, அதே தென்னை, பக்கத்தில் சத்தமில்லாமல் ஓடும் ஆறு. வீலர் தோண்டியபோது தெற்குப் பக்கம் பெரிய கிடங்குக் கட்டடத்தின் அடித்தளமும், வடக்குப் பக்கம் செங்கல் தொட்டிகளும் வெளிப்பட்டன. துணிக்குச் சாயம் போடும் தொட்டிகளாக இருக்கலாம் என்றார்கள். எல்லாக் குழிகளையும் மூடிவிட்டார்கள். ஆக, நம் காலுக்குக் கீழேதான் ஊர்.

இப்போது அந்தச் சுவருக்கு வருவோம். நானும் தோழிகளும் செல்ஃபி எடுத்து 'ரோமன் வால்' என்று ஸ்டேட்டஸ் வைத்த சுவர். அது 18-ம் நூற்றாண்டில் பிரெஞ்சு மிஷனரிகள் கட்டிய கட்டடத்தின் மிச்சம். ரோமுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இன்றைக்கும் நிறைய பேர் அப்படித்தான் போட்டோ போடுகிறார்கள். நீங்கள் போட்டால் சரியாகப் போடுங்கள்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் இந்த ட்ரிப்பில் எனக்கு முக்கியமானது. முதல் நாள் இரவு லேசாக மழை பெய்திருந்தது. குனிந்து நடந்துகொண்டிருந்த பையன் திடீரென்று "அத்தை, இங்க பாரு" என்றான். மிளகை விடச் சின்னதாக, நீல நிறத்தில் ஒரு கண்ணாடி மணி. நடுவில் ஓட்டை. நேற்று மியூசியத்தில் கண்ணாடிக்குள் பார்த்ததேதான்.

"எடுத்துக்கடா கண்ணு" என்றார் ஆயா. காக்காயந்தோப்பில் ஆயாவுக்கு உறவுக்காரர்கள் இருந்தார்கள். சின்ன வயதில் லீவுக்கு வந்தால், மழை விட்டதும் பிள்ளைகள் எல்லாம் இந்த மேட்டில் பாசிமணி பொறுக்குவார்களாம். கோத்துக் கழுத்தில் போட்டுக்கொள்வார்களாம். வீட்டில் ஆயாவின் தகர டப்பாவில் இன்னும் பதினைந்து மணி இருக்கிறது. நான் சின்ன வயதில் அதை வைத்து விளையாடியிருக்கிறேன். அவை எங்கிருந்து வந்தவை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

எடுக்கக் கூடாது. இது இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் இடம், எதை எடுத்துப் போனாலும் சட்டப்படி குற்றம். ஆனால் பையனிடம் சட்டத்தைச் சொல்லவில்லை. "நேத்து பார்த்தோமே, நம்ம பானைக்கு எப்படி வயசு சொன்னாங்க?" என்று மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தான். "எது பக்கத்துல கிடைச்சதுன்னு பார்த்து" என்றான். "இதை எடுத்துட்டா?" "இது எங்க இருந்துச்சுன்னு யாருக்கும் தெரியாது."

மணியை இருந்த இடத்திலேயே வைத்தான். எங்கே என்று அடையாளம் தெரியாதபடி மேலே கொஞ்சம் மண்ணும் தள்ளினான்.

ஆயாவுக்கு மனசு ஒப்பவில்லை. "நாங்க எடுத்தப்ப யாரும் ஒண்ணும் சொல்லலியே. ஆத்துத் தண்ணி அடிச்சுக்கிட்டுப் போறதுக்கு நம்ம பிள்ளை கழுத்துல கெடக்கட்டுமே" என்றார். அவர் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. ஆறும் மழையும் இந்தக் கரையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டுதான் இருக்கின்றன. ஆனால் மண்ணை ஆறு தின்கிறது என்பதற்காக நாமும் எடுத்துப்போனால், மிச்சமிருப்பதைப் படிக்க வழியே இருக்காது.

திரும்பும் வழியில் சுண்ணாம்பாறு படகுக் குழாமில் படகு ஏறினோம். ஆறு கடலைத் தொடும் இடம் வரை போய்ப் பார்த்தோம். அந்த ஜாடிகள் வந்த கடல். பையன் முழுக்க நனைந்தான், ஆயா கரையிலேயே நின்றார். பஸ்ஸில் வரும்போது அவராகவே கேட்டார்: "அந்தப் பதினைஞ்சு மணிய அந்த மியூசியத்துல குடுத்தா வாங்கிப்பாங்களாடி?"

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது டப்பாவோடு ஆயாவையும் கூட்டிக்கொண்டு போய்க் கேட்கப்போகிறேன்.

கிளம்பும் முன் கவனிக்க...

* எப்போது போகலாம்? ஜனவரி, பிப்ரவரி நல்லது. வடகிழக்குப் பருவமழை முடிந்து ஆற்றில் தண்ணீர் இருக்கும், வெயிலும் குறைவு. ஏப்ரல், மே மாதங்களில் போனால் காலை ஒன்பது மணிக்குள் மேட்டைப் பார்த்துவிடுங்கள்.

* மியூசியம்: திங்கட்கிழமையும் அரசு விடுமுறை நாட்களிலும் மூடியிருக்கும். அதனால் சனிக்கிழமையே முடித்துவிடுவது பாதுகாப்பு. மதிய இடைவேளை நேரத்தைக் கேட்டுக்கொண்டு போங்கள்.

* கோயில்கள்: மதியம் நடை சாத்திவிடுவார்கள். காலையிலேயே வில்லியனூர், திருக்காஞ்சியை வைத்துக்கொள்ளுங்கள்.

* பஸ்: விழுப்புரம் - புதுச்சேரி பஸ்கள் அரியூர், வில்லியனூர் வழியாக அடிக்கடி வரும். அரிக்கமேட்டுக்கு, புதுச்சேரியிலிருந்து கடலூர் சாலையில் போகும் பஸ்ஸில் அரியாங்குப்பத்தில் இறங்கி ஆட்டோ பிடிக்கலாம். திரும்பி வரவும் அந்த ஆட்டோவையே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

* கையில் இருக்க வேண்டியவை: குடிதண்ணீர், தொப்பி, மூடிய செருப்பு. மேட்டில் கடை, கழிப்பறையை நம்பிப் போக வேண்டாம். பெரியவர்களுக்கு ஒரு மடக்கு நாற்காலி இருந்தால் நல்லது.

* இன்னொரு நாள் கிடைத்தால்: அரியூரிலிருந்து விழுப்புரம் சாலையில் திருபுவனை. அங்கே உள்ள பெருமாள் கோயில் கல்வெட்டு, 1048-ல் 260 மாணவர்களும் 12 ஆசிரியர்களும் இருந்த கல்லூரியைப் பற்றிச் சொல்கிறது. சங்கராபரணிக் கரையிலேயே மேலே போனால் திருவக்கரை. சுமார் 2 கோடி வருஷத்துக்கு முந்தைய, கல்லாக மாறிய மரங்களைப் பார்க்கலாம்.

* எடுத்து வர வேண்டியது: போட்டோ மட்டும். மணி கண்ணில் பட்டால் பாருங்கள், பிள்ளைகளுக்குக் காட்டுங்கள், அங்கேயே விட்டுவிடுங்கள்.